ஹாரிசனுக்கு எழுபத்தொன்று

வாஷிங்டனுக்கு முப்பத்திரண்டு, லிங்கனுக்கு ஐம்பத்தேழு, பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோன வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு எழுபத்தொன்று என்று இன்மைக்கணிப்பான் தீர்ப்புச் சொன்னது. மேடையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்குக் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அந்தப் பெட்டியின் மேல் வீசலாமா என்றுதான் தோன்றியது. வீசவில்லை. பட்டிமன்ற மேடையிலிருந்து ஒரு பொம்பளை செருப்பு வீசினாள் என்றால் மிதவூரில் பத்து வருடத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

மிதவூர், தூத்துக்குடிக் கரைக்கு இருபது மைல் கிழக்கே, நூற்று நாற்பது மிதவைகளைச் சங்கிலியால் பிணைத்துக் கட்டிய ஊர். கடல் ஏறி வந்து வீடுகளை எடுத்துக்கொண்டபோது கரையோர மக்கள் பதிலுக்குக் கடலின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஆறாயிரம் பேர். வரும்போது எதை எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள் பட்டிமன்றத்தை மட்டும் பத்திரமாகப் படகில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். திருவிழாவின் ஒன்பதாம் நாள் மாலை பட்டிமன்றம் நடக்காவிட்டால் பத்தாம் நாள் தேர் நகராது என்பது அவர்கள் நம்பிக்கை.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ‘ஊருக்கு அதிகம் உழைத்த தலைவர் யார்’ என்று தலைப்பு வைத்தார்கள். நாற்காலிகள் பறந்தன. ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து உள்ளூர்த் தலைவர்களைப் பற்றி மேடையில் வாய் திறக்கக் கூடாது என்று விழாக்குழு தீர்மானம் போட்டது. அமெரிக்க அதிபர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவர்களுக்கு இந்த ஊரில் மாமன் மச்சான் கிடையாது. ஆனால் ஊர் லேசுப்பட்டதா? ஆண்ட்ரூ ஜாக்சனின் முரட்டுத்தனத்தை ஒருவர் திட்டினால், வலைக்கூடத் தலைவரின் மருமகன் எழுந்து நின்று, யாரைச் சொல்கிறீர் என்று கேட்பான். இறந்து முந்நூறு வருடம் ஆன மனிதர்களுக்காக இங்கே சம்பந்தி வீடுகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன.

இந்த வருடத் தலைப்பு, ‘அமெரிக்க அதிபர்களில் அளவுக்கு மீறிப் புகழப்பட்டவர்கள் யார்? தலைமைக்கு வேண்டியது குணமா, காரியத் திறமையா?’ என்பது. வழக்கமாக நடுவராக இருக்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் இருபத்திரண்டு வருடமாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்லிவந்தார். வண்டிக்கு இரண்டு சக்கரமும் வேண்டும் என்பார். மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு வண்டிச் சக்கரத்தைக் கேட்டுவிட்டுப் போவது ஊருக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கணிப்பானை நடுவர் நாற்காலியில் வைத்தார்கள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

கணிப்பான் செய்வது எளிமையான காரியம். ஒரு காலத்தின் கடிதங்கள், செய்தித்தாள்கள், அரசுப் பதிவேடுகள் என்று கிடைப்பதையெல்லாம் படித்து அந்த உலகத்தைத் தனக்குள் கட்டி எழுப்பும். பிறகு ஒரே ஓர் ஆளை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டு, மற்றதை ஓடவிட்டுப் பார்க்கும். பத்தாயிரம் தடவை ஓட்டும். அந்த ஆள் இல்லாத உலகம் இருந்த உலகத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ அதுதான் அவருடைய இன்மை எண். நூறு என்றால் அவரில்லாமல் எதுவும் நடந்திருக்காது. சைபர் என்றால் அவர் பிறந்ததும் பிறக்காததும் ஒன்றுதான்.

குணத்தின் பக்கம் பேசிய அணிக்கு ஜெசிந்தா தலைவி. ஐம்பத்திரண்டு வயது, ஊரின் சமன்தொட்டிகளுக்குப் பொறுப்பு. மிதவைகளின் அடியில் இருக்கும் தொட்டிகளுக்கிடையே தண்ணீரை மாற்றி மாற்றி இறைத்து ஊர் ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்கிற வேலை. எதிரணித் தலைவர் மாசிலாமணி. அவளைவிட ஆறு வயது இளையவர். கடல்நீரைக் குடிநீராக்கும் நன்னீராலை அவர் கையில் இருந்தது. கையில் என்றால் கையில் மட்டும்தான். எந்த வால்வை எப்போது திறப்பது என்று அவரைத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அவர் தெருவில் நடந்தால் நாலு பேர் பின்னாலேயே ஓடுவார்கள். மாசிலாமணி இல்லையென்றால் ஊர் நாக்கு வறண்டு சாகும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ஏதோ அது ஊருக்குக் கிடைத்த பாக்கியம் மாதிரி.

அன்று இருவரும் நன்றாகவே பேசினார்கள். எல்லாரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன் தன் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தாரே, எழுத்தைப் புகழ்வதா ஆளைப் புகழ்வதா என்று ஜெசிந்தா கேட்டாள். தன் பேச்சைத் தானே ஒலிநாடாவில் பதிவு செய்து மாட்டிக்கொண்ட நிக்சனைக் காட்டி, நுணலும் தன் வாயால் கெடும் என்றபோது கைத்தட்டல் அள்ளியது. வாஷிங்டன் செய்ததிலேயே பெரிய காரியம், இரண்டு தடவை ஆண்டது போதும் என்று வீட்டுக்குப் போனதுதான் என்றாள். மாசிலாமணி விடவில்லை. போரில் பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்குச் சோறு போட்ட ஹூவர் நல்லவர்தான், ஆனால் சொந்த நாடு பட்டினி கிடந்தபோது என்ன செய்ய முடிந்தது என்றார். கை சுத்தமான கிராண்டைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் கொள்ளையடித்தார்களே என்றார். வாயைத் திறந்தால் கூவமாகப் பேசுகிற லிண்டன் ஜான்சன்தான் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்று முடித்தார்.

“நல்லவன் வேணும்னா பங்குச் சாமியாரா வச்சுக்கிடுங்க. ஊரை நடத்தணும்னா வேலை தெரிஞ்சவனைக் கூப்பிடுங்க,” என்றார் மாசிலாமணி. அவர் யாரைச் சொல்கிறார் என்று கூட்டத்தில் இருந்த கைக்குழந்தைக்கும் தெரிந்தது. அடுத்த மாதம் ஊர்த்தலைவர் தேர்தல்.

பிறகுதான் பெட்டி தீர்ப்புச் சொன்னது. வாஷிங்டன் பதவியை ஒழுங்காக அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனதால், அவரில்லாமலும் வண்டி ஓடும்படி அவரே செய்துவைத்ததால், எண் குறைந்தது. ஹாரிசன் குளிரில் கோட்டுப் போடாமல் இரண்டு மணி நேரம் பதவியேற்புப் பேச்சு பேசினார். ஒரு மாதத்தில் இறந்தார். அதிபர் இறந்தால் துணை அதிபர் முழு அதிபர் ஆவாரா மாட்டாரா என்ற சிக்கல் முதன்முதலாக எழுந்தது. அந்தச் சிக்கலும் அதன் தீர்வும் அவர் சாவால் வந்ததென்று கணக்குப் போட்டு எழுபத்தொன்று. நிக்சனுக்கு எழுபத்தெட்டு. கெடுத்தவரா கொடுத்தவரா என்று பெட்டி பார்ப்பதில்லை. மாற்றினாரா என்று மட்டும்தான் பார்க்கும். கணக்கில் குணத்துக்கு இடமே இல்லை, ஆகவே மாசிலாமணி அணிக்கே வெற்றி என்று முடித்தது.

ஜெசிந்தா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். “கப்பல்ல ஓட்டை போட்டவனை எடுத்துட்டுப் பாத்தாலும் கப்பலோட கதை மாறத்தான் செய்யும். அதுக்காவ அவனுக்கு மாலை போடுவீயளா?”

“தோத்தவங்க நடுவரைத்தான் குறை சொல்லுவாங்க, எக்கா,” என்று மாசிலாமணி சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பக்கம் வென்றிருந்தது. அந்த ருசியை யார் விடுவார்கள்?

அதற்கடுத்த வாரம் ஊர்மன்றம் கூடி, செத்த அதிபர்களுக்கு எண் போட்ட இயந்திரம் உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடக்கூடாதா என்று கேட்டது. போட்டார்கள். தெருவுக்கு நாலு ஒலிச்செவிகளைப் பொருத்தினார்கள். யாருக்கு என்ன வேலை தெரியும், யார் இல்லாமல் எது நின்றுபோகும் என்று கணிப்பான் கேட்டுக் கேட்டுப் படித்தது. கால் மணிக்கொரு தடவை எல்லார் எண்ணையும் புதுப்பித்தது.

மாசிலாமணிக்கு எண்பத்தெட்டு. தேர்தல் இல்லாமலே ஊர்த்தலைவர் ஆனார். ஜெசிந்தாவுக்கு நாலு.

நாலு ஏன் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சமன்தொட்டி வேலையை அவள் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். தொட்டிநீரை இறைக்கிற ஒவ்வோர் இறைப்பறையிலும் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அவள் மகள் ஃபெபியோலா குன்னூரில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தபோது, புயல் காலம், தொட்டிகளை விட்டு ஜெசிந்தாவால் அசைய முடியவில்லை. பிள்ளை தங்கவில்லை. மகள் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக அழுததைத் தொலைபேசியில்தான் கேட்டாள். அடுத்த தடவை எது நடந்தாலும் பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்குக்காகத்தான் பதினொரு பேர். இப்போது ஃபெபியோலாவுக்கு நாலு மாதம். ஜெசிந்தா எந்த நாளும் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். ஊர் ஓர் அங்குலம்கூடச் சாயாது. அவள் நல்ல தலைவி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கணிப்பானுக்கு அது தெரியவில்லை.

பத்துக்குக் கீழே இருந்தவர்களை ‘உபரி’ என்று பட்டியல் போட்டார்கள். உபரிகள் மூட்டை தூக்கலாம், பந்தி பரிமாறலாம். இருபத்தாறு வருடம் ஊரைத் தாங்கிப் பிடித்த ஜெசிந்தா, படகுத்துறையில் வெங்காய மூட்டை எண்ணினாள். போகட்டும், டிசம்பரில் குன்னூர் போக யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாசிலாமணி தலைவராகிக் கொண்டுவந்த முதல் சட்டம் இது: இன்மை எண் ஐம்பதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், தங்கள் வேலை தெரிந்த மாற்றாள் இல்லாமல் ஊரை விட்டு வெளியேறக் கூடாது. யாருக்கும் விலக்கு இல்லை. படகுத்துறையில் தானியங்கி வாசல் ஒன்றை வைத்தார்கள். முகத்தைப் பார்க்கும், எண்ணைக் காட்டும், திறக்கும் அல்லது திறக்காது. தான் எவ்வளவு முக்கியமான ஆள் என்று அந்த வாசல் சொல்லுவதை மாசிலாமணி அடிக்கடி போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

ஊர் பாடம் படிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுத்தால் எண் இறங்கும். இறைப்பறைச் சுவர்களில் இருந்த தாள்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. ஜெசிந்தாவிடம் படித்த கிளாடிஸ் என்ற பெண், மூன்றாம் தொட்டியின் சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு தொட்டியைப் பங்கு போட்டுக்கொண்டு, அடுத்தவன் தொட்டியை மறந்துபோனதாக ஒலிச்செவிகளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்கள். சமையல்கூடத்தில் சாம்பார்ப் பொடியின் அளவு ரகசியமானது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லித்தர ஒரே ஓர் ஆசிரியைதான் இருந்தாள்.

இதற்கு நடுவில் அதிபர் சண்டை ஓயவில்லை. எண் ஏறியவன் தன்னை ரூஸ்வெல்ட் என்றான். இறங்கியவனைப் பார்த்து, நீ கூலிட்ஜ், பேசாமலே உட்கார்ந்து எழுந்து போனவன் என்றான். ஜெசிந்தாவுக்குக் காது புளித்தது.

ஐந்தாம் மாதத்தில் ஊரில் பாதிப் பேர் ஐம்பதுக்கு மேல் போய்விட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. கரையில் நடந்த தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் போக முடியவில்லை. தகப்பன் அடக்கத்தைத் திரையில் பார்த்து அழுதான் ஒருவன். எண் இறங்கினால் உபரி, ஏறினால் கைதி. இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்து, கடைசியில் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. நாற்பத்தொன்பது. கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் காட்டி, நாற்பத்தொன்பதில் நிற்கிறவன்தான் பிழைக்கத் தெரிந்தவன். புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் எண் ஏறிவிடும் என்று மனிதர்கள் அடுத்தவர் வேலை செய்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டார்கள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை ஒன்பது மணிப் படகுக்கு ஜெசிந்தா சீட்டு வாங்கியிருந்தாள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரே படகு. ஃபெபியோலாவுக்கு இன்னும் ஐந்து நாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். துணிப்பெட்டியோடு துறைக்கு வந்தபோது அங்கே நானூறு பேர் திரண்டிருந்தார்கள். நடுவில் தள்ளுகட்டிலில் மாசிலாமணி கிடந்தார். உடம்பு வில்லாக வளைந்திருந்தது.

ஊர் மருத்துவர் நெவில் விவரம் சொன்னார். சிறுநீரகக் கல் அடைத்துக்கொண்டது, காய்ச்சலும் வந்துவிட்டது. இங்கே அதற்கு வழி இல்லை. இன்று மாலைக்குள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் ரத்தத்தில் விஷம் ஏறிவிடும். வாசல் திறக்க மாட்டேன் என்கிறது. எண் தொண்ணூற்றாறு.

வாசலை உடைத்துவிடலாம். இரண்டு இளைஞர்கள் போதும். ஆனால் உடைக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றதே ஊர்தான். ஆலையில் உப்பை வடிகட்டுகிற சவ்வை ஆறு மணி நேரத்துக்கொரு தடவை கழுவிவிட வேண்டும். வால்வு வரிசை தப்பினால் சவ்வு கிழியும். இரண்டு நாளில் ஆறாயிரம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மாசிலாமணி போய்விட்டால் யார் கழுவுவது? அழாத குறையாகத்தான் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே வழியை மட்டும் விடவில்லை.

இதிலும் அமெரிக்கா வந்துவிட்டது. ரூஸ்வெல்ட் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே உலகப் போரை நடத்தவில்லையா என்றார் வலைக்கூடத் தலைவர். வில்சன் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது அவர் மனைவி காகிதங்களை வாங்கி வைத்துச் சமாளித்தாரே, மாசிலாமணியின் மனைவிக்கு வால்வு தெரியுமா என்று இன்னொருவர் கேட்டார். தெரியாது, அவளுக்கும் அவர் சொல்லவில்லை. நோயை மறைத்த தலைவர் குணம் கெட்டவரா, திறமைசாலியா என்று பின்வரிசையில் ஒரு பட்டிமன்றமே தொடங்கிவிட்டது. ஒரு மனிதன் கண்முன்னே துடித்துக்கொண்டிருக்கிறான். ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே போனாள். நெவிலிடம் படகை நிறுத்தி வைக்கச் சொன்னாள். மாசிலாமணி அவள் கையைப் பிடித்தார். கை நெருப்பாகச் சுட்டது.

“எக்கா, உங்களுக்குச் சொல்லுதேன். வேற யாருக்கும் வேண்டாம். நீங்கதான் கத்துக்கிட்டா மறைக்க மாட்டிய.”

“சொன்னா உன் எண் இறங்கிரும். தலைவர் நாற்காலி போயிரும்.”

“மயிரு நாற்காலி. உயிர் போவுது.”

என்ன நடக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் இல்லை. அவர் போய்விட்டால் ஆலை தெரிந்த ஆள் ஊரில் அவள் ஒருத்திதான்; அவர் எண் இறங்குகிற அளவுக்கு அவள் எண் ஏறும். அவருக்குத் திறக்கிற வாசல் அவளுக்கு மூடும். கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து அழுத குரல் காதுக்குள் கேட்டது. இந்த ஆள் செத்தால் நமக்கென்ன, அவன் போட்ட சட்டம், அவன் மூடிய வாசல் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தாள். நினைத்ததற்காக அவள் வெட்கப்படவில்லை. ஆனால் அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு தம்பி,” என்றாள்.

மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் காதுக்கும் தலைக்கு மேலிருந்த ஒலிச்செவிக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார். நீலக் கைப்பிடி வால்வை மூடு. சிவப்பைப் பாதி திற. கடல்நீர்க் குழாயில் அழுத்தம் இரண்டுக்கு இறங்கும்வரை பொறு. பிறகு மஞ்சளை முழுவதும் திறந்து கழுவுநீரை விடு. வெளியே வரும் தண்ணீர் நாக்கில் கரிக்காமல் ஆனதும் அதே வரிசையைத் திருப்பிச் செய். நடுநடுவே வலியில் முனகியதையும், அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டியதையும் சேர்த்துப் பதினாலு நிமிடம் ஆனது. அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றார். ஆறாயிரம் பேரின் தாகம், ஒரு மனிதனின் மகுடம், அவன் உயிர், எல்லாம் பதினாலு நிமிட விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. காய்ச்சல்காரனை எப்படி அறைவது?

“எக்கா, நான் அளவுக்கு மீறிப் புகழப்பட்டவனா?” என்று மாசிலாமணி கேட்டார். கேலி இல்லை; நிஜமாகவே கேட்டார்.

“பதினாலு நிமிஷம் போக மிச்சம் எல்லாம் அளவுக்கு மீறினதுதான். போய் உயிரோட திரும்பி வா.”

கால் மணி ஆனதும் வாசலின் பலகை மாறியது. மாசிலாமணிக்கு முப்பத்தெட்டு. கதவு திறந்தது. கட்டிலை நெவிலும் மாசிலாமணியின் மனைவியுமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா போனாள். கதவு அவள் முகத்தைப் பார்த்தது. எண்பத்துமூன்று. ஊருக்கு நீங்கள் இன்றியமையாதவர், வாழ்த்துகள் என்று இனிமையான குரலில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

கூட்டம் கை தட்டியது. நிஜமாகவே மகிழ்ச்சியோடு தட்டினார்கள். இனித் தண்ணீருக்குப் பயமில்லை, ஜெசிந்தா அக்கா இருக்கிறாள், மாசிலாமணியைப் போலக் கத்தவும் மாட்டாள். அவளுக்காக வாசலை உடைக்கப் போன மாசிலாமணியின் மைத்துனனைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் திரும்பி நின்று, தனக்கு மாற்றாக ஒரே ஓர் ஆள் வேண்டும், பதினாலு நிமிடம் போதும், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். முன்னால் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கிளாடிஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நீச்சலிலிருந்து இறைப்புவரை சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தாதான்.

கிளாடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு இப்ப நாப்பத்தொம்போது எக்கா. இதையும் கத்துக்கிட்டேன்னா, அடுத்த மாசம் எங்க அம்மையைப் பாக்கப் போவ முடியாது.”

எழுதி ஒட்டலாமே என்று படகுக்குள்ளிருந்து நெவில் கத்தினார். ஒட்டலாம், ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடுவார்கள். கணிப்பான் காகிதத்தை எண்ணாது, தெரிந்த ஆளைத்தான் எண்ணும். உபரிப் பட்டியலில் இருந்தவர்கள்கூட, ஊரில் எண்ணைப் பற்றிய பயமில்லாமல் நினைத்தபோது வெளியே போகக்கூடியவர்கள் தாங்கள்தான் என்று கண்டுகொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஞானப்பிரகாசம் ஐயா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

படகு முதல் சங்கை ஊதியது. அலை ஏறுகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்று படகோட்டி கைகாட்டினான். ஜெசிந்தாவின் கைப்பேசி அடித்தது. ஃபெபியோலா. வலி எடுத்துவிட்டது, அம்மா, ஐந்து நாள் இல்லை, இன்றைக்கே போலிருக்கிறது என்றாள். குரலில் பயம் இருந்தது. படகு ஏறிவிட்டீர்களா என்று கேட்டாள்.

“துறையிலதான் நிக்கேன், மக்கா. வாறேன்,” என்றாள் ஜெசிந்தா. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

துறைச் சுவரில் மாட்டியிருந்த கை ஒலிபெருக்கியை எடுத்தாள். ஒருத்தருக்கும் கற்க மனமில்லை என்றால் நானூறு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான். காதுக்குள் போனதை வெளியே எடுக்கவா முடியும்? முதலில் நீலக் கைப்பிடி வால்வை மூட வேண்டும் என்று தொடங்கினாள்.

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். வலைக்கூடத் தலைவர் மேல்துண்டைத் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓட முடியாதவர்கள் சத்தமாக மாதா பாட்டு பாட ஆரம்பித்தார்கள். அது போதாதென்று ஒருவன் லிங்கனா வாஷிங்டனா என்று பக்கத்தில் இருந்தவனிடம் கத்தினான். அவனும் பதிலுக்குக் கத்தினான். தங்கள் குடிதண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்துவிடாமல் இருப்பதற்காக நானூறு பேர் ஒரே நேரத்தில் கூச்சலிட்டார்கள். சிவப்பைப் பாதி திறக்க வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

கடைசி வால்வு வரைக்கும் சொல்லி முடித்தாள். பலகையைப் பார்த்தாள். கால் மணி ஆகி எண் புதுப்பித்துக்கொண்டது. எண்பத்துமூன்று.

படகு இரண்டாவது சங்கை ஊதிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தது. ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் நீலக் கைப்பிடியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.